லண்டன் – பாரிஸ் கோச் டூர்: முதல் நாள் எப்படி?

ஐரோப்பா கோச் டூருக்குப் பணம் கட்டுகிறவர்கள் விளம்பரத் தாளில் முதலில் பார்ப்பது ஈஃபில் கோபுரத்தின் படத்தை. நான் முதலில் பார்த்தது முதல் நாள் அட்டவணையை. பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, டிரைவர் எப்போது டூட்டிக்கு ஏறினார், எப்போது இறங்கினார் என்று குறித்து வைப்பதே பணிக்காலம் முழுவதும் என் வேலை. இந்த விமர்சனமும் அந்தக் கண்ணோடு எழுதியதுதான்.

மகள் லண்டனில் ஈஸ்ட் ஹாம் பகுதியில் இருக்கிறாள். 2025 ஜூன் மாதம் நானும் மனைவியும் அவளிடம் போயிருந்தபோது, லண்டனில் கிளம்பி பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம் சுற்றிவரும் ஒரு டூரில் சேர்ந்தோம். தமிழர்கள் அதிகம் சேரும் சின்ன நிறுவனம் அது. பெயரை எழுதப் போவதில்லை. வேறு சில நிறுவனங்களின் தாள்களையும் வாங்கிப் பார்த்தேன், நான் குறை சொல்லப் போகிற அதே வரி அவற்றிலும் இருந்தது.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். டிரைவருக்கு முழு மதிப்பெண். வழிகாட்டியாக வந்த தம்பிக்கு ஏறக்குறைய முழு மதிப்பெண். அட்டவணை எழுதியவருக்குப் பாதிகூடக் கொடுக்க மனம் வரவில்லை.

கிளம்பும் நேரம் காலை ஐந்தேகால் என்று போட்டிருந்தார்கள். நாங்கள் ஐந்துக்குப் போனபோது வண்டி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கையில் விளக்கோடு டயர்களைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது டூட்டி ஆரம்பித்தது என்று கேட்டேன். நாலரை மணி என்றார். போலந்தில் பிறந்து லண்டனில் குடியேறியவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். அந்த நாலரை மணியை மனதில் குறித்துக்கொண்டேன். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த மணியைச் சுற்றித்தான்.

வண்டி நல்ல வண்டி. இருக்கைகள் கொஞ்சம் பின்னால் சாய்ந்தன, முழங்காலுக்கு இடம் இருந்தது, ஒவ்வொரு இருக்கையிலும் பெல்ட். பெல்ட்டை வழிகாட்டி இரண்டு முறை நடந்து வந்து சரிபார்த்தார். பிரான்சில் பெல்ட் போடாத பயணிக்கே 135 யூரோ அபராதம். ஆளுக்கு ஒரு பெரிய பெட்டிதான் அடியில் ஏற்றுவார்கள், கைப்பை மேலே. முன் இருக்கைக்குச் சின்னச் சச்சரவு வந்தது. தினமும் இருக்கைகள் மாறும், இன்று முன்னால் உட்கார்ந்தவர் நாளை பின்னால் போவார் என்று அந்தத் தம்பி மைக்கில் பொறுமையாகச் சொன்னதும் அடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த பிள்ளை அவர். பேச்சில் மட்டும் யாழ்ப்பாணம் அப்படியே இருந்தது. என்னை ஐயா என்றும் மனைவியை அம்மா என்றும்தான் கூப்பிட்டார்.

வண்டிக்குள் ஒரு கழிப்பறை உண்டு. அவசரத்துக்கு மட்டும் என்று சொல்லிவிட்டார்கள். வயதானவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. டோவர் போகும்வரை எங்கும் நிறுத்தவில்லை.

லண்டனைத் தாண்டியதும் டார்ட்ஃபோர்டில் தேம்ஸ் ஆற்றைக் கடக்கும் பாலம் வருகிறது. கம்பிகள் தாங்கும் பாலம், 1991இல் திறந்தது. தெற்கே போகும் வண்டிகளுக்குத்தான் இந்தப் பாலம், வடக்கே வருபவை அடியில் உள்ள சுரங்கங்கள் வழியாக வருகின்றன. சுங்கச்சாவடி என்று ஒன்று அங்கே இல்லை, கேமரா எண்ணைப் படித்துக்கொள்கிறது, கட்டணத்தை இணையத்தில் கட்ட வேண்டும். காலை ஆறு மணிக்கு முன்பே லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எம்20 நெடுஞ்சாலையில் அந்த லாரிகளைப் பற்றித் தம்பி சொன்ன செய்தி எனக்குப் புதிது. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் உள்ள ஆங்கிலக் கால்வாயில் புயலோ வேலைநிறுத்தமோ வந்து கப்பல்கள் நின்றுவிட்டால், இந்த நெடுஞ்சாலையின் ஒரு பக்கத்தையே லாரிகள் காத்திருக்கும் இடமாக மாற்றிவிடுவார்களாம். மற்ற வண்டிகள் எல்லாம் எதிர்ப் பக்கத்தில் இரு திசையிலும் ஓடும். துறைமுகத்தில் நெரிசல் என்றால் அது ஊருக்குள் வராமல் வெகு தூரம் முன்பே அடக்குகிறார்கள். பேருந்து நிலைய வாசலில் நெரிசலோடு மல்லுக்கட்டியவனுக்கு அந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

ஃபோக்ஸ்டனில் கடலடிச் சுரங்க ரயிலின் முனையம் சாலையிலிருந்தே தெரிகிறது. 1994இல் திறந்த சுரங்கம், ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிக நீளம், 35 நிமிடத்தில் பிரான்ஸ். வண்டியோடு அப்படியே ரயிலில் ஏறிப் போகலாம். எங்கள் நிறுவனம் கப்பலைத் தேர்ந்தெடுத்திருந்தது. அது சரியான முடிவு என்பது என் கருத்து. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

டோவருக்கு ஏழு மணி வாக்கில் இறங்கினோம். சாலை சரிவாக இறங்க இறங்க ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. நூறு மீட்டருக்கு மேல் உயரம் உள்ள இடங்களும் உண்டு. காலை வெயிலில் கண் கூசியது. மேலே பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கோட்டை. இரண்டாம் உலகப் போரில், 1940இல், பிரான்சின் டன்கிர்க் கடற்கரையிலிருந்து 3,38,000க்கும் மேற்பட்ட போர்வீரர்களைக் கப்பலேற்றி மீட்ட நடவடிக்கையை இந்தக் கோட்டைக்கு அடியில் உள்ள சுரங்க அறைகளில் இருந்துதான் நடத்தினார்கள். அந்தச் செய்தியைத் தம்பி சரியாக அந்த வளைவில் சொன்னார். இறங்கிப் பார்க்க நேரம் கிடையாது. அட்டவணையில் 'டோவர் கோட்டை' என்று எழுதியிருந்ததற்குப் பொருள் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுதான் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்.

குடியேற்றச் சோதனை நம் ஆட்களுக்குக் குழப்பமான இடம். பிரான்ஸ் போலீஸ் டோவரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். 2003இல் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, பிரான்சுக்குள் நுழையும் சோதனையை இங்கிலாந்து மண்ணிலேயே முடித்துவிடுவார்கள். எல்லோரும் கைப்பையோடு இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஷெங்கன் விசா, ஹோட்டல் முன்பதிவுத் தாள், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் கையில் வைத்திருங்கள். பெட்டிக்குள் வைத்துவிட்டால் எடுக்க முடியாது. எங்களிடம் ஓர் அதிகாரி எத்தனை நாள், எங்கே தங்கல் என்று மட்டும் கேட்டார். முக்கால் மணி நேரத்தில் வண்டி முழுவதும் முடிந்தது. நாங்கள் போனபோது முத்திரை மட்டும்தான். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியம் புதிய மின்னணுப் பதிவு முறையைத் தொடங்கியிருக்கிறது. முகப்படம் எடுப்பார்கள், விசா தேவையில்லாத நாட்டவரிடம் கைரேகையும் வாங்குவார்கள். பிரிட்டன் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் உறவுகளுக்கும் இது உண்டு. அதனால் இந்த முக்கால் மணியை அப்படியே நம்ப வேண்டாம்.

சாப்பாட்டு விஷயம் ஒன்றை அட்டவணையிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டும். பிரிட்டனிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோகக் கூடாது. 2021 முதல் இதுதான் விதி. தயிர்சாதம், பால்கோவா, பன்னீர் எல்லாம் இதில் அடங்கும். பழம், காய்கறிகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. என் மனைவி முதல்நாள் இரவே புளியோதரை கிளறி வைத்திருந்தாள், அதற்குப் பிரச்சினை இல்லை. பின் இருக்கையில் இருந்த ஒரு அம்மா பெரிய டப்பா நிறையத் தயிர்சாதம் கொண்டுவந்திருந்தார். தம்பி சொன்னதும் கப்பலிலேயே எல்லோருக்கும் பகிர்ந்து முடித்துவிட்டார். எங்களுக்கும் ஊறுகாயோடு வந்தது. கடலைப் பார்த்துக்கொண்டே காலை ஒன்பதரைக்குத் தயிர்சாதம் சாப்பிட்டோம், அருமையாக இருந்தது.

கப்பலில் வண்டி கீழ்த்தளத்தில் நிற்கும். கதவைப் பூட்டிவிடுவார்கள், நடுவில் இறங்கி வந்து மருந்து எடுக்க முடியாது. தளத்தின் எண்ணையும் ஏறிவந்த படிக்கட்டின் எண்ணையும் போனில் படம் பிடித்து வையுங்கள் என்று தம்பி சொன்னார். நல்ல யோசனை. எல்லாப் படிக்கட்டும் ஒன்றுபோலவே இருக்கிறது. பயணம் ஒன்றரை மணி நேரம். காற்று பலமாக இருந்தும் ஆட்டம் அதிகம் இல்லை. மேல்தளத்தில் நின்றால் வெள்ளைப் பாறை சிறுத்துக்கொண்டே போவதும், பாதி தூரத்தில் பிரான்சுக் கரை கோடாகத் தெரிவதும் ஒரே பார்வையில் கிடைக்கும். கால்வாயின் குறுகலான இடம் 33 கிலோமீட்டர்தான்.

கப்பலைத் தேர்ந்தெடுத்தது சரி என்றேன் அல்லவா? ஐரோப்பிய விதிப்படி கோச் டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் கட்டாய ஓய்வு எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து மணி வரை போகலாம். இரண்டு வாரத்துக்குச் சேர்த்து 90 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கப்பலில் டிரைவர்களுக்குத் தனிச் சாப்பாட்டு அறை இருக்கிறது. எங்கள் டிரைவர் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் காலை நீட்டி உட்கார்ந்தார். சுரங்க ரயிலில் அந்த 35 நிமிடத்தில் இது கிடைத்திருக்காது. அதிகாலையில் எழுந்த மனிதர் களைப்பில்லாமல் பிரான்ஸ் நெடுஞ்சாலைக்குள் இறங்குகிறார் என்றால், அந்தப் பலன் பின்னால் உட்கார்ந்திருக்கும் நாற்பத்தெட்டுப் பேருக்கும்தான்.

இந்த நேரத்தையெல்லாம் டிரைவரோ முதலாளியோ நோட்டில் எழுதுவதில்லை. டிரைவருக்கென்று ஓர் அட்டை இருக்கிறது. அதை டாக்கோகிராஃப் கருவியில் செருகினால்தான் டூட்டி. ஓட்டிய நிமிடம், நின்ற நிமிடம், வேகம் எல்லாம் தானாகப் பதிவாகும். ஐரோப்பாவில் சாலையில் நிறுத்தும் போலீஸ் கடந்த 56 நாள் பதிவைக் கேட்கலாம். நம் நாட்டிலும் 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் எட்டு மணி நேர வேலை, ஐந்து மணிக்கு ஒருமுறை அரை மணி ஓய்வு என்று எழுதி வைத்ததுதான். எழுதியதை நிமிடக் கணக்கில் காட்டும் கருவி என் காலத்தில் இல்லை. டிரிப் ஷீட்டும் என் பேனாவும்தான் இருந்தன. இரவு டூட்டி முடித்த டிரைவரைக் காலை வண்டிக்கும் ஏற்று என்று மேலிருந்து சொல்லும்போது, முடியாது என்று மறுக்க எனக்கு ஒரு தாள்கூட ஆதாரமாக இருக்காது. டிரைவரின் கண் சிவந்திருப்பதை நான் மட்டும் பார்ப்பேன். அதனால் அந்தக் கருவியை எங்கள் டிரைவர் காட்டியபோது அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். கார் ரேடியோ அளவுதான் இருக்கிறது.

கப்பல் போய்ச் சேரும் பிரான்சின் கலே துறைமுகத்தில் சோதனை எதுவும் இல்லை, நேரே சாலை. கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். கப்பலில் 'பத்து மணிக்கு வண்டிக்கு வாருங்கள்' என்று அறிவித்தபோது அது இங்கிலாந்து மணியா பிரான்ஸ் மணியா என்று சொல்லவில்லை. சிலருடைய போன் அதற்குள் பிரான்ஸ் நேரத்துக்கு மாறிவிட்டது, ஒரு குடும்பம் பதறிக்கொண்டு ஓடி வந்தது. வழிகாட்டிக்கு நான் அரை மதிப்பெண் குறைத்தது இதற்காகத்தான். எந்த மணி என்று சொல்லாத அறிவிப்பு அறிவிப்பே ஆகாது.

பாரிஸ் அங்கிருந்து ஏறக்குறைய 290 கிலோமீட்டர். கோச்சுக்கு வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரில் கட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்கள், எஞ்சினே அதற்கு மேல் இழுக்காது. ஏ16 சாலை வழியாகப் போனோம். ஜூன் மாதம் அந்த வழியில் போவது பாக்கியம். வடக்கு பிரான்சில் ஆளிச் செடி நிறையப் பயிரிடுகிறார்கள், லினன் துணிக்கான நார் அதிலிருந்துதான் வருகிறது. உலகிலேயே அதிகம் விளைவது பிரான்சில்தான். அந்தச் செடி பூக்கும் காலம் ஜூன். வெளிர்நீலப் பூ. கோதுமைப் பச்சைக்கு நடுவே திடீர் திடீரென்று நீலப் பாத்தி வந்து போகும். மனைவி ஜன்னல் பக்கம் இருந்தாள். "என்னங்க, அங்க பாருங்க, அங்க பாருங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அட்டவணையில் இதைப் பற்றி ஒரு சொல் இல்லை. காசு கேட்காமல் கிடைக்கும் இதை எழுதினால் என்ன?

இன்னொரு வழியும் உண்டு, ஏ26. அந்தப் பக்கம் நெவ் ஷப்பெல் என்ற ஊரில் முதல் உலகப் போரில் இறந்து, கல்லறை அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் போர்வீரர்களின் பெயர்களைப் பொறித்த நினைவிடம் 1927 முதல் இருக்கிறது. இந்தியர்கள் நிறைந்த வண்டி எதுவும் அங்கே நிற்காமல் போவது எனக்கு வருத்தமே. அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில் இதையும் சேர்த்திருக்கிறேன்.

மதிய நிறுத்தம் சோம் நதி முகத்துவாரத்தின் பெயரைக் கொண்ட நெடுஞ்சாலை ஓய்வகத்தில். இந்த நாளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நெடுஞ்சாலை ஓய்வகம் என்றால் பெட்ரோல் வாடையும் ஈரத் தரையும் என்று நினைத்திருந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். தாழ்ந்த கூரையோடு கட்டடம், அதை ஒட்டி நீர்நிலை, ஏறிச் சுற்றிலும் பார்க்க ஒரு கோபுரம், அந்த வட்டாரத்து விளைபொருள் விற்கும் கடை. கழிப்பறை சுத்தம், காசு கிடையாது. பிரான்ஸ் நெடுஞ்சாலைகளில் பெரும்பாலும் இலவசம்தான். ஜெர்மனிக்குப் போகும் டூர் என்றால் ஒரு யூரோ நாணயங்களைச் சேர்த்து வையுங்கள், அங்கே பல ஓய்வகங்களில் ஆளுக்கு ஒரு யூரோ. நாங்கள் வெளியே மேசையில் புளியோதரையைப் பிரித்தோம். சைவம் சாப்பிடுபவர்களுக்கு உள்ளே வறுத்த உருளைக்கிழங்கு, சாலட், ரொட்டி தவிர அதிகம் இல்லை. ஒரு மணி நேரம் கொடுத்தார்கள், அது தாராளம்.

அங்கிருந்து கிளம்பியதும் வண்டி முழுவதும் தூக்கம். அமியாங் ஊரை ஒட்டிப் போகிறது சாலை. 1220இல் கட்டத் தொடங்கிய பெரிய தேவாலயம் அங்கே இருக்கிறது. நிறுத்த நேரம் இல்லை.

பாரிஸுக்குள் நுழையும்போது நாலேமுக்கால். வடக்குப் பக்கம் சாந்த் தெனி கால்பந்து அரங்கம் தெரிந்ததிலிருந்தே நெரிசல். நகரைச் சுற்றும் வட்டச் சாலையில் 2024 அக்டோபரிலிருந்து 50 கிலோமீட்டர்தான் உச்ச வேகம், அன்று அதில் பாதிகூடப் போக முடியவில்லை. எங்கள் வண்டி பிரிட்டன் பதிவு என்பதால் கதவு இடப்பக்கம். வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் அந்தக் கதவு நடுச்சாலையைப் பார்த்துத் திறக்கும். டிரைவர் ஒரு தடவைகூடச் சாலையில் யாரையும் இறக்கவில்லை. கோச் நிறுத்தும் இடம் கிடைக்கும்வரை சுற்றினார். சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

அஞ்சரைக்கு சேன் நதியில் படகு. ஒரு மணி நேரம், ஈஃபில் கோபுரத்தின் அடியிலிருந்து கிளம்பி நோத்ர்தாம் தேவாலயம் இருக்கும் தீவைச் சுற்றி வருகிறது. இதைப் பற்றிக் குறை எதுவும் இல்லை. அல்மா பாலத்தின் தூணில் ஒரு போர்வீரன் சிலை இருக்கிறது, வெள்ளம் எவ்வளவு ஏறியது என்று பாரிஸ்காரர்கள் அந்தச் சிலையை வைத்துத்தான் சொல்வார்கள். 1910 வெள்ளத்தில் தோள்வரை தண்ணீர். கரையில் பெரிய கடிகாரங்களோடு நிற்கும் ஓர்சே அருங்காட்சியகம் 1900 கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம். ரயில்கள் நீளமாகிப் போனதால் நடைமேடை போதாமல் கைவிட்டு, 1986இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். அந்தக் கடிகாரங்களை இன்னும் கழற்றாமல் வைத்திருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. 2019இல் தீப்பிடித்து 2024 டிசம்பரில் மறுபடி திறந்த நோத்ர்தாம் தேவாலயத்தைத் தண்ணீரிலிருந்து பார்த்தபோது படகில் பேச்சு நின்றுவிட்டது.

இரவுச் சாப்பாடு லா ஷப்பெல் பகுதியில். வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஃபோபூர் சாந்த் தெனி தெருவை ஒட்டி ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த இடம். நகைக்கடை, மளிகை, புடவைக்கடை, எல்லாப் பலகையிலும் தமிழ். கோச் அந்தத் தெருவுக்குள் போகாது, பத்து நிமிடம் நடக்க வேண்டும். மூட்டுவலிக்காரர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இடியப்பமும் சொதியும் சம்பலும் சுடச்சுடப் போட்டார்கள். கொத்துரொட்டி கேட்டவர்களுக்கு அதுவும் உண்டு. நாள் முழுவதும் உட்கார்ந்தே வந்த வயிற்றுக்கு இடியப்பத்தைவிட நல்ல சாப்பாடு இல்லை. வட இந்தியச் சாப்பாடு போடும் டூர்களைவிட இந்த நிறுவனம் இங்கே ஒரு படி மேல். ஆனால் கொடுத்த நேரம் முக்கால் மணி. நாற்பத்தெட்டுப் பேர் கைகழுவி, உட்கார்ந்து, சாப்பிட்டு எழ அது போதாது. கடைசிப் பந்தியில் இருந்தவர்கள் பாதியில் எழுந்தார்கள்.

ஏன் அந்த அவசரம் என்பதுதான் விஷயம். அட்டவணையில் முதல் நாள் கடைசி வரி இப்படி இருந்தது: 'இரவு பாரிஸ் நகர ஒளி உலா'. லண்டனிலேயே அந்த வரியைப் பார்த்தவுடன் கணக்குப் போட்டேன். ஜூன் நடுவில் பாரிஸில் சூரியன் மறைவது இரவு பத்து மணிக்கு. ஈஃபில் கோபுரத்து விளக்குகள் அதற்குப் பிறகுதான். அந்த 20,000 பல்புகளும் ஒவ்வொரு மணித் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் மின்னும் காட்சி இருட்டினால்தான் உண்டு. டிரைவரோ இங்கிலாந்து நேரம் நாலரைக்கு டூட்டி ஏறியவர், அதாவது பிரான்ஸ் நேரம் ஐந்தரை. தினமும் 24 மணி நேரத்துக்குள் அவர் 11 மணி நேரம் தொடர் ஓய்வு எடுத்தாக வேண்டும், ஒரு வாரத்தில் மூன்று நாள் மட்டும் அதை ஒன்பதாகக் குறைக்கலாம். குறைத்தாலும் ஐந்தரைக்கு ஏறியவர் இரவு எட்டரைக்குள் வண்டியை நிறுத்த வேண்டும். எட்டரைக்கு முடிகிற டூட்டியில் பத்து மணிக்கு மேல் எரியும் விளக்கைக் காட்ட எந்த டிரைவராலும் முடியாது. பணம் கட்டும் முன் அலுவலகத்துக்குப் போன் செய்து இதைக் கேட்டேன். "அதெல்லாம் டிரைவர் பார்த்துக்கொள்வார்" என்றார்கள்.

சாப்பிட்டு வண்டியில் ஏறியதும், ஒளி உலா இன்று இல்லை, நாளை இரவு என்று தம்பி அறிவித்தார். பாதி வண்டி கொதித்துவிட்டது. "அரை மணி நேரம்தானே, கூடக் காசு தர்றோம், ஓட்டச் சொல்லுங்க" என்று ஒருவர் எழுந்து டிரைவரிடமே போனார். டிரைவர் திரும்பிப் பார்த்து, சத்தம் போடாமல், அட்டையைக் காட்டி, நேரம் முடியப் போகிறது, ஹோட்டலுக்குப் போவதற்கு மட்டும்தான் பாக்கி இருக்கிறது என்றார். எழுந்து போனவர் இன்னும் விடவில்லை. தம்பி நடுவில் வந்து, "அண்ணை, கோவிக்காதேங்கோ, இண்டைக்கு ஏலாது. நாளைக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போவம்" என்று கெஞ்சினார். நான் எழுந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, அவர் காலை எத்தனை மணிக்கு வேலை ஆரம்பித்தார், இப்போது எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கணக்கைச் சொன்னேன். நம் பிள்ளைகள் இந்த வண்டியில் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள், தூங்காத மனிதரை ஓட்டச் சொல்லாதீர்கள் என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

கொதித்தவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர்கள் காசு கொடுத்து வாங்கியது அந்தத் தாளில் இருந்த வரியை. நடக்க முடியாத வரியை அச்சடித்துவிட்டு, அதன் பழியை ராத்திரி எட்டு மணிக்கு டிரைவர் தலையிலும் ஒரு சின்னப் பையன் தலையிலும் இறக்குவது அநியாயம். வண்டி ஓட்டாத ஒருவர் மேசையில் உட்கார்ந்து எழுதிய அட்டவணை அது.

வண்டி விமான நிலையப் பக்கம் உள்ள ஹோட்டலுக்கு எட்டு இருபத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தது. அறை சின்னது, சுத்தமானது. வெந்நீர்க் கெட்டில் இல்லை. காலையில் மாத்திரைக்கோ காபிக்கோ வெந்நீர் வேண்டியவர்கள் பயணக் கெட்டில் எடுத்துப் போகவும்.

யாருக்கு இந்த முதல் நாள் பொருந்தும்? பெட்டியோடு ரயில் மாறத் தயங்குகிறவர்கள், முதல்முறை போகும் பெற்றோர், கப்பலும் கடலும் வயலும் பார்க்க ஆசை உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம். எங்களுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. இளைஞர்கள், பாரிஸ் மட்டும் போதும் என்பவர்கள் லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்தில் யூரோஸ்டார் ரயில் ஏறினால் இரண்டேகால் மணி நேரம் சொச்சத்தில் பாரிஸில் இறங்கிவிடலாம். மறுநாள் காலை குழுவோடு சேர அனுமதிப்பார்களா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். எங்கள் குழுவில் ஒரு தம்பதி அப்படித்தான் வந்து சேர்ந்தார்கள்.

ஊர் திரும்பியதும் நிறுவனத்துக்கு விரிவாக ஒரு கடிதம் எழுதினேன். ஒளி உலாவை இரண்டாம் நாள் இரவுக்கு அச்சிலேயே மாற்றுங்கள், அன்று டிரைவரை மதியம் டூட்டி ஏற வையுங்கள், சாப்பாட்டுக்கு ஒன்றேகால் மணி நேரம் கொடுங்கள், நெவ் ஷப்பெல்லில் நில்லுங்கள் என்று கேட்டிருந்தேன். ஒளி உலாவை மட்டும் அடுத்த அச்சில் மாற்றுவதாகப் பதில் வந்தது. நீங்கள் முன்பதிவு செய்யும்போது அவர்கள் தரும் தாளில் முதல் நாளின் கடைசி வரியைப் படியுங்கள். டிரைவர் அன்று எத்தனை மணிக்கு டூட்டி ஏறுகிறார் என்றும் கேளுங்கள். அதைச் சொல்லத் தெரிந்த நிறுவனத்தில் பணம் கட்டுங்கள்.